பதினைந்து கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம்

1

உங்கள் ஊர் எத்தனை மணி நேரம் என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் கேக் தட்டோடு நின்ற ஒருவர் கேட்டார். நல்ல மனிதர்தான். இங்கே வின்னிபெக்கில் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் குளிரைப் பற்றிப் பேசி முடித்ததும் பேசுவது இதைத்தான். எந்த வழியாகப் போனீர்கள், எங்கே இறங்கி ஏறினீர்கள், மொத்தம் எத்தனை மணி நேரம். நான் என் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே வந்த என் கணவர், "அந்த மனுசன் இப்ப என்ன பிழையாக் கேட்டவர்?" என்றார்.

அவர் ஒன்றும் பிழையாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை சொன்ன பதில்தான் பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை, என் அக்கா பார்வதி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில் பழகித் திருமணம் செய்துகொண்டவர் என் கணவர். சாவகச்சேரிக்காரர். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள். இப்போதும் புதிதாக யாரையாவது சந்தித்தால், "யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்றுதான் தொடங்குவார்கள். பதுளை என்பேன். பிறகு, "ஓ, தோட்டப் பக்கமோ?" அந்த 'ஓ'வை நான் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

கடந்த ஜூன் மாதம் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் மகன் சதீஷ் அழைத்தான். பண்டாரவளையில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"சித்தி, அம்மாவ குளவி கொட்டிருச்சி. பதுள ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்."

"எத்தன எடத்துல?"

"எண்ண முடியாது சித்தி. தலை, கழுத்து, முதுகு பூரா. கண்ணு தொறக்கல." பிறகு சொன்னான், "செல்லாயி அத்த செத்துட்டாங்க."

செல்லாயி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறைக்காரி. அக்காவோடு ஒரே நிரையில் நின்று இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். என் கல்யாணத்துக்கு எனக்குத் தலை பின்னிவிட்டவள்.

மகள் அபி மேசையில் இருந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. நான் அழுவதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்த உதவியைச் செய்தாள். போனை எடுத்து எதையோ தட்டினாள். "அம்மா, வின்னிபெக்கிலிருந்து கொழும்பு பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பதினாறு மணி ஐம்பது நிமிஷம். அவ்வளவு மோசமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினாள். உலகப் படத்தில் ஒரு வளைந்த கோடு. அது வடதுருவத்தின் பக்கமாக ஏறி ரஷ்யாவைத் தாண்டிக் கொழும்பில் இறங்கியது. அந்தக் கோட்டில் எந்த விமானமும் போவதில்லை. அப்படி ஒரு பயணத்தை யாரும் செய்ததில்லை. ஆனாலும் நிமிடம் வரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

"உங்கட அக்காக்கு சுகம் வரும்தானே?" என்றாள். பெரியம்மா என்ற சொல் அவள் வாயில் வருவதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை.

கணவர் குளியலறையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். "பாவம். ஆனா நீர் போய் அங்கை என்ன செய்யப்போறீர்? டொக்டரே நீர்? போனிலை கதைச்சாக் காணும்."

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அன்று காலை மேலாளரிடம் போய் நின்றேன். என் அக்காவைக் குளவி கடித்துவிட்டது என்று சொன்னேன். கொட்டியது என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும், அந்த நேரம் வரவில்லை. அந்த அம்மா புன்னகைத்தாள். இந்த ஊரில் குளவி என்றால் கோடையில் பழச்சாறுக் கோப்பையைச் சுற்றிப் பறப்பது. எங்கள் மலையில் அது பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் சோற்றுப் பானை அளவுக்குக் கூடு கட்டும். காற்று அடித்தாலும் கலையும், பருந்து மோதினாலும் கலையும். கலைந்தால் அடியில் நிரை பிடித்து நிற்கும் பெண்கள்மேல் மொத்தமாக இறங்கும். முதுகில் கூடையோடு, சரிவில், செடிகளுக்கு நடுவே அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது?

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒருத்தி செத்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். உடனே அவள் முகம் மாறியது. "உங்கள் அக்காவா?"

"இல்லை. அவளுடைய சிநேகிதி."

மேலாளர் விதிமுறையைத் திறந்து பார்த்தாள். கூடப்பிறந்தவர் இறந்தால் மூன்று நாள் விடுமுறை. பயணத் தூரம் அதிகமென்றால் மேலும் இரண்டு நாள். ஆஸ்பத்திரியில் இருந்தால் எதுவும் இல்லை. "ஒருவேளை அவர் இறந்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், அப்போது விஷயம் வேறு" என்றாள். இதை அவள் மிக மென்மையாகச் சொன்னாள். என் கையைத் தொட்டுச் சொன்னாள். அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சம்பளமில்லாத விடுமுறைக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் பயணத் தூரம், பயண நேரம் என்று இரண்டு கட்டங்கள். நான் நாற்பது மணி நேரம் என்று எழுதினேன். அவள் கணினியில் தேடி, அதே பதினாறு மணி ஐம்பது நிமிடத்தைக் கண்டுபிடித்து, அச்செடுத்துப் படிவத்தோடு குத்தினாள். வியாழன் வேலை முடிந்து கிளம்பினால் வெள்ளி அங்கே இருக்கலாம், திங்கள் திரும்பலாம் என்று விளக்கினாள். கொழும்பு என் ஊர் இல்லை என்றேன். பக்கத்தில் வேறு விமான நிலையம் இருக்கிறதா என்று கேட்டாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் எட்டு நாள் கிடைத்தது.

3

வின்னிபெக்கிலிருந்து டொரோண்டோ, அங்கிருந்து தோஹா. தோஹாவில் இறங்கியதும் போனைத் திறந்தேன். சதீஷ் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். கூட்டத்துக்கு நடுவே ஒரு தூணில் சாய்ந்து நின்று கேட்டேன்.

நடந்தது இதுதான். காலை பத்து மணிக்குக் கூடு கலைந்திருக்கிறது. பெண்கள் சிதறி ஓடியிருக்கிறார்கள். அக்காவும் செல்லாயியும் மலைக் கானுக்குள், மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குள், விழுந்துவிட்டார்கள். லயத்திலிருந்து ஓடிவந்த ஆட்கள் புகை போட்டு, இருவரையும் கம்பளியில் சுற்றி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிவந்தார்கள். அங்கே லொறி நின்றிருக்கிறது, அரைவாசி கொழுந்தோடு. பசறை ஆஸ்பத்திரி அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். லொறியை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மடுவத்தில் பொறுப்பாக நின்றவர் சொன்னாராம், "இப்பிடியே கெடந்தா கொழுந்து சூட்டுல வெந்துரும். ஃபெக்டரியில எறக்கிட்டு ஒடனே வந்துரும், கொஞ்சம் பொறுங்க."

லொறி மீதிக் கொழுந்தையும் ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது மணி ஒன்று. அன்று அந்தப் பாதையில் வேறு வாகனமே கிடைக்கவில்லை. இரண்டு பெண்களும் மூன்று மணி நேரம் வெறும் கொழுந்துச் சாக்குகளின்மேல் கிடந்தார்கள். பசறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. செல்லாயி வழியிலேயே போய்விட்டாள். அக்காவை அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள்.

தோஹாவிலிருந்து கொழும்புக்கு நாலரை மணி நேரம். என் முன் இருந்த சின்னத் திரையில் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் போய்விட்டது, இவ்வளவு தூரம் பாக்கி என்று எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. பாரசீக வளைகுடா போனது, அரபிக் கடல் போனது. ஏறக்குறைய இவ்வளவு நேரம் அக்கா மடுவத்தில் கிடந்திருக்கிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு வரவில்லை. பணிப்பெண் சாப்பாடு கொண்டுவந்து கோழியா மீனா என்றாள். அவளிடம் நான் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. தமிழில் சொன்னதால் அவளுக்கு விளங்கவில்லை.

4

சதீஷ் ஏற்பாடு செய்த வான் வண்டியோடு பண்டாரவளை ரிஸ்வான் நாநா விமான நிலையத்தில் நின்றார். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மேலே ஏறினோம். அப்புத்தளையில் பனி மூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டு நகர்ந்தோம். அவரும் கேட்டார், "எத்தின மணித்தியாலம் ஃப்ளைட்டு?" நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து, "சரி சரி, நீங்க சாஞ்சிக்கங்க" என்றார்.

வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பதுளை ஆஸ்பத்திரி வாசல் வரை நாற்பத்தொரு மணி நேரம்.

அக்காவின் முகம் முகமாக இல்லை. ஒரு கண் மட்டும் கீறல் போலத் திறந்திருந்தது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அழுவாள், என்னைப் பார்த்ததே மருந்து என்பாள் என்றெல்லாம் வழி முழுக்க நினைத்திருந்தேன்.

"யாரு?"

"நாந்தான்க்கா. லெச்சுமி."

அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. "நீ எதுக்கு வந்த?"

"என்னக்கா இப்பிடிக் கேக்குற?"

"இது எனக்கு மூணாவது தடவ. மொத ரெண்டு தடவ கொட்டுனப்ப நீ வரலியே."

"எனக்குச் சொல்லவே இல்லையே நீ."

"போன் எடுத்தா ஒம் மக பரீட்ச, ஒங்க ஊரு பனி, இதத்தானே பேசுவ. நீ கேட்டியா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "செல்லாயி தண்ணி கேட்டா. எனக்கு எந்திரிக்க முடியல" என்றாள்.

5

நான்காம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தோட்ட ஒப்பீசிலிருந்து ஆள் வந்தது, கையெழுத்துப் போட வேண்டுமென்று. நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். லொறியைப் பற்றிக் கேட்காமல் வரப்போவதில்லை என்று லயத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்.

ஒப்பீசில் கிளாக்கர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்து ஆள்தான், தமிழர். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "கனடாவுல இருந்து வந்திருக்கிற தங்கச்சியா? வாங்கம்மா, உக்காருங்க." ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் வந்தது. குடித்தேன். அக்கா கதவுப் பக்கத்தில், கழுத்தில் கட்டோடு, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். அறையில் வேறு நாற்காலி இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

"எத்தன மணி நேரம்மா ஃப்ளைட்டு?" என்றார் கிளாக்கர். "எம் மகன் அங்கதான் போகணும்னு நிக்கிறான்."

"பதினாறு மணி நேரம்" என்றேன் நான். "பெரிய கஷ்டம் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நாற்காலியில் இருந்தபோது அதுதான் வாயில் வந்தது. சுலபமாக வந்து போகிறவள், வசதியான இடத்திலிருந்து வந்தவள் என்று அவர் நினைத்ததை நான் கெடுக்க விரும்பவில்லை.

அவர் ஒரு தாளை எடுத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். தாள் சிங்களத்தில் இருந்தது. அவர் தமிழில் சொன்னார், "மலையில வேலை செய்யும்போது குளவி கொட்டுச்சி. தோட்ட லொறியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அவ்வளவுதான். கொட்டு வாங்குன மத்த மூணு பொம்பளைகளும் கையெழுத்து போட்டுட்டாங்க."

அக்கா பேனாவை வாங்கவில்லை. "லெச்சுமி, நீ ஒருக்கா படி" என்றாள்.

கொழும்பில் படித்துக்கொண்ட சிங்களம் எனக்கு மறக்கவில்லை. கூடு கலைந்த நேரம் என்ற இடத்தில் பன்னிரண்டே முக்கால் என்று எழுதியிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கொட்டியது, இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தை ஒரே வரியில் துடைத்துவிட்டார்கள். நான் அதை அக்காவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"பத்து மணிக்குத்தான் கொட்டுச்சி" என்றாள் அக்கா.

"வலியில ஒனக்கு நேரம் தெரிஞ்சிருக்காது பார்வதி."

"பத்து மணி."

கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்சவங்க, எடுத்துச் சொல்லுங்கம்மா. பத்துன்னு எழுதுனா கேள்வி மேல கேள்வி வரும். நீங்க ரெண்டு நாள்ல பிளேன் ஏறிருவீங்க. இவங்க இங்கதானே இருக்கணும்? வேல, காம்பரா எல்லாம் இங்கதானே?"

லயத்தில் அத்தனை சத்தமாகப் பேசியவள் நான். பதின்மூவாயிரம் கிலோமீட்டர் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"அக்கா, போட்டுடு."

அவள் மேசைக்கு வந்து, தாளை என் கையிலிருந்து எடுத்து, கிளாக்கரின் முன் திருப்பி வைத்தாள். "நான் போட மாட்டேன் ஐயா" என்றாள். வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். குறுக்குப் பாதையில், கழுத்துக் கட்டோடு, எனக்கு எட்டாத வேகத்தில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் கிளம்பும்போது காம்பராவுக்குள்ளேயே இருந்தாள். சதீஷ்தான் பையைத் தூக்கிவந்தான்.

6

திரும்பி வந்த பிறகு மூன்று மாதம் அவள் என் அழைப்பை எடுக்கவில்லை.

இதற்கிடையே செல்லாயியின் மகள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். விசாரணை நடந்தது. கிளாக்கர் அங்கே என்ன சொன்னார் என்று சதீஷ் என்னிடம் சொன்னான். தாளை வரிக்கு வரி வாசித்துக் காட்டியதாகவும், மூன்று பெண்கள் விரும்பியே கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னாராம். நான்காமவளின் சொந்தத் தங்கச்சி, கனடாவிலிருந்து வந்தவள், அவளே படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னதாகவும் சொன்னாராம்.

"அம்மா மட்டுந்தான் நேரம் வாசிக்கலன்னு சொல்றாங்க. ஒரு ஆளு பேச்ச எடுக்க மாட்டாங்க சித்தி. நீங்க ஒரு சத்தியக் கடுதாசி அனுப்புனா ஒதவும்."

முதலில் எழுதிய கடிதத்தில் தாளில் பன்னிரண்டே முக்கால் என்று இருந்ததையும், அந்த நேரத்தை அவர் வாசித்துக் காட்டவில்லை என்பதையும் மட்டும் எழுதினேன். என்னைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் யார் நிரூபிப்பது? கணவரும் அதைத்தான் சொன்னார். "அதிலை ஏன் உம்மை இழுக்கிறீர்? சொல்லேல்லை எண்டு எழுதும், முடிஞ்சுது."

இரண்டு நாள் அந்தக் கடிதம் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் கிழித்தேன். அபியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னேன். 'அதில் எழுதியிருந்த நேரம் பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடும்படி என் அக்காவிடம் நான் சொன்னேன். அவளுடைய வேலையையும் வீட்டையும் கிளாக்கர் சொல்லிக் காட்டியதால் பயந்து சொன்னேன். அவள் பயப்படவில்லை.'

அபியின் விரல்கள் நின்றன. "நீங்க உண்மையாவே அப்பிடிச் சொன்னீங்களா?"

"ஆமா."

தட்டச்சு செய்து முடித்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் என்னோடு பேசவில்லை. மறுநாள் ஒரு சட்டத்தரணியின் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டு அனுப்பினேன்.

விசாரணை முடிந்தது. கூடு கலைந்த நேரம் காலை பத்து மணி என்று எழுதினார்கள். செல்லாயியின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது சேரும் என்றார்கள். லொறியை அனுப்பாதவரை அதே தோட்டத்தின் வேறு டிவிசனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் மடுவத்தில்தான் நிற்கிறாராம்.

போன வாரம் ஒரு மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. அங்கே விடிந்துகொண்டிருந்தது. பின்னால் சேவல் சத்தம் கேட்டது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

"ஒன் கடுதாசிய தமிழ்ல படிச்சிக் காமிச்சாங்க" என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான். "எல்லாரும் இருந்தாங்க. செல்லாயி மகளும் இருந்தா."

"ம்."

"ஒன்னையப் பத்தியும் எழுதியிருந்த."

"ஆமாக்கா."

மன்னித்துவிட்டேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"இப்ப ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கேன். நேத்துல இருந்து வேலைக்கிப் போறேன்."

"எந்த மலை?"

"அதே மலைதான்."

"கூட்ட எடுத்துட்டாங்களா?"

"எங்க எடுத்தாங்க. அங்கயேதான் இருக்கு. நேத்து பாத்தேன், முன்னைக்கி இப்ப பெருசாத்தான் இருக்கு."

"அக்கா, நீ போகாத. நான் சொல்றதக் கேளு, அந்த மலைக்கி மட்டும் போகாத."

"பெரட்டுக்கு நேரமாச்சி" என்றாள். "வைக்கிறேன்."